கம்பளி மாளிகையின் சாவி

மெல்போர்ன் காலை வெயிலில் அறுபது மாடிக் கண்ணாடிக் கோபுரம் பளபளக்கிறது. அதன் உச்சியில் பெய்யும் மழை தரைக்கு வந்து சேர மறுநாளாகும் என்று மெர்வின் சத்தியம் செய்வார். கோபுரத்தின் காலடியில் நிற்பது பழைய கம்பளி வணிக மாளிகையின் முகப்புச் சுவர் மட்டும்தான். பின்னால் இருந்ததையெல்லாம் இடித்துவிட்டு, உரித்த ஆட்டுத்தோலைப் போல் அதைக் கண்ணாடியோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்த மாளிகையில் முப்பது வருஷம் லிஃப்ட் இயக்கியவர் மெர்வின். அதன் வாசல் கதவின் பித்தளைச் சாவி இன்னும் அவர் கையில் இருக்கிறது. வரவேற்புக் கூடத்தில் காட்சிக்கு வைக்க அதைக் கேட்டு அவரை வரவழைத்தவள் கோபுர நிர்வாகத்துப் பெண் டேனிகா. இருவரும் இப்போது அந்தப் பழைய கதவின் முன் நிற்கிறார்கள்.

"குடுங்க மெர்வின், அப்படியே ஒரு போட்டோ எடுத்துக்குவோம்." "இரு கண்ணு, முதல்ல கதவு திறக்குதான்னு பாப்போம்." "ஐயோ, அது சும்மா அழகுக்குங்க! யாரும் திறக்கிறதில்ல." அதற்குள் அவர் திறந்துவிடுகிறார். உள்ளே மாளிகையின் பளிங்குக் கூடம் இருந்த இடத்தில் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. நேற்றைய விருந்தின் இறால் தலைகளிலிருந்து வழிந்த நீர், அவர் பாலிஷ் போட்டு வந்த ஷூவை நனைக்கிறது. ஈக்கள் முகத்தில் மொய்க்கின்றன. டேனிகா மூக்கைப் பொத்திக்கொண்டே மறு கையைச் சாவிக்காக நீட்டுகிறாள். "அந்த இறால் தலையில ரெண்டு எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில வை கண்ணு. உங்க சரித்திரத்துக்கு அது போதும்" என்கிறார் மெர்வின், முகம் மாறாமல். பிறகு கதவை இழுத்துப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்கிறார்.