பதினொன்றாம் நம்பர் பஸ்ஸின் நான்கு நிமிடம்

“பாரு, மறுபடியும் நிறுத்திட்டா!”

தினமும் அதில் ஆபீஸ் போகும் ஹெதர் பஸ்ஸுக்குள் கத்தியது, டோனட் கடையில் வேலையாக நின்ற எனக்கே கேட்டது.

வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி குளிர். பதினொன்றாம் நம்பர் பஸ் கடை வாசலில் புகைவிட்டுக்கொண்டு நின்றது. டிரைவர் லொரெட் உள்ளே ஓடிவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கழிப்பறைக்குள் புகுந்தார். காலையில் ஒவ்வொரு சுற்றிலும் இப்படித்தான். நான்கு நிமிடம்.

“மூணு புகார் குடுத்தாச்சு,” என்றாள் ஹெதர், காபி வாங்க இறங்கி வந்து. “ஆபீசுல திட்டு வாங்குறது நான். இவ ஒருத்திக்காக ஊரே நிக்கணுமா?”

எனக்கும் எரிச்சல்தான். லொரெட்டின் பூட்ஸ் கொண்டுவரும் பனியைத் துடைப்பது நான்தானே.

ஒருநாள் லொரெட்டிடம் கேட்டே விட்டேன். “கிளம்புற இடத்துலயே போயிட்டு வந்தா என்ன?”

“போயிட்டுத்தான் வரேன், அழகி,” என்றார். அவருக்கு எல்லாப் பெண்களும் அழகிதான். “டிரைவருங்க எல்லாருமே வருதோ வரலையோ, முன்கூட்டியே போயிடுவோம். அப்புறம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டே ஓட்டுவோம். இருபது வருஷம் ஓட்டியாச்சு. இப்ப நாலு ஸ்டாப் தாண்டினா நனைஞ்சிடுது. இன்னொரு புகார் வந்தா என்னை வண்டியை விட்டே இறக்கிடுவாங்க.”

“டாக்டர்கிட்ட போகலையா?”

“மூணு புள்ள பெத்தாச்சு, வயசும் ஆச்சு. இனிமே இப்படித்தான்னு விட்டுட்டேன்.”

“அதை முடிவு பண்ண நீங்க என்ன டாக்டரா?”

சிரித்தார். ஆனால் போனார். டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினாராம். அடுத்த வாரம் கடைக்கு வந்த லொரெட், காகித நாப்கினை விரித்து நாலு மூலையையும் என்னைப் பிடிக்கச் சொன்னார். நடுவில் ஒரு டோனட்டை வைத்தார்.

“இந்த நாப்கின்தான் இடுப்புக்கு அடியில இருக்கிற தசை. மூத்திரப்பை, கருப்பை, குடல் எல்லாத்தையும் தாங்குதாம். எனக்கு இது தளர்ந்து போச்சுன்னு நெனச்சு, வீட்டுல வேற இறுக்கி இறுக்கிப் பயிற்சி பண்ணிக்கிட்டிருந்தேன்.”

“தளரலையா?”

“தளரவே இல்லையாம்! இருபது வருஷமா மூடின முஷ்டி மாதிரி இறுகிக் கெடக்குதாம்.” தன் கையை இறுக மூடிக் காட்டினார். “இந்தக் கையால ஏதாவது புடிக்க முடியுமா? மொதல்ல விடக் கத்துக்கணும். மூச்சு இழுத்தா அது கீழ எறங்கணும், விட்டா தானா மேல வரணும். அப்புறம் சும்மா சும்மா ஓடுறதை நிறுத்தணும். மூத்திரப்பை பாதி ரொம்புறதுக்குள்ளயே மணியடிக்கப் பழக்கிட்டேனாம், நானே!”

நான் நாப்கினைப் பிடித்தபடியே நின்றேன்.

பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். படத்தில் இதயம் காட்டினார்கள், நுரையீரல் காட்டினார்கள். இந்த இடம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கி ஒன்று என்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறது, அது இருப்பதே எனக்குத் தெரியாது. அன்று முழுக்க டோனட் விற்றுக்கொண்டே மூச்சைக் கவனித்தேன். அது அசைவது தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது.

மார்ச்சில் ஒரு காலை, பதினொன்றாம் நம்பர் எங்கள் கடையில் நிற்காமலே போனது. ஜன்னல் வழியே லொரெட் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நான் யாருடைய காபியையோ கொட்டிவிட்டேன்.

ஒரு மாதம் அப்படியே ஓடியது.

ஏப்ரலில் பஸ் மறுபடியும் நிற்க ஆரம்பித்தது. தினமும் இல்லை. செவ்வாய், வியாழன் மட்டும்.

“மன்னிச்சிடுங்க, எனக்கு அவசரம்!” என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டு லொரெட் இறங்குவார். காபி வாங்க இன்னும் நாலைந்து பேர் இறங்குவார்கள்.

“சரியாயிடுச்சுன்னு பீத்திக்கிட்டா, பார்த்தியா?” என்றாள் ஹெதர். நாலாவது புகாரும் போனது.

அடுத்த வியாழக்கிழமை பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் டுவெய்ன் அதே பஸ்ஸில் வந்தார். கடைக்குள்ளும் பின்னாலேயே வந்தார்.

“லொரெட், முழுசா சரியாயிடுச்சுன்னு பிசியோ எழுதிக் குடுத்திருக்காங்களே. அப்புறம் ஏன் நிறுத்துறீங்க?”

“மறுபடி வந்துடுச்சு, டுவெய்ன்.”

“அப்ப எனக்கு வேற வழியில்ல. திங்கக்கிழமையிலருந்து நீங்க ஓட்ட முடியாது.”

“சரி” என்றார் லொரெட். அவ்வளவுதான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லொரெட் கழிப்பறைப் பக்கமே போகவில்லை! அவசரம் என்று ஓடிவந்தவர் கண்ணாடிப் பெட்டியில் டோனட்டுகளை எண்ணிக்கொண்டு நிற்கிறார்.

“நீங்க போகவே இல்...”

“வாயை மூடு, அழகி,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

டுவெய்ன் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

அப்போது கழிப்பறைக் கதவு திறந்தது. எழுபது வயதிருக்கும், தொப்பி வைத்த ஒருவர், இடுப்புப் பட்டையைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். டுவெய்னின் சீருடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இந்தம்மாவைத் திட்டாதீங்க, சார். பிராஸ்டேட் ஆபரேஷன் ஆனதுலருந்து எனக்கு அடக்க முடியல. செவ்வாய், வியாழன் பிசியோகிட்ட போறதுக்கு இந்த பஸ்தான். என் அதிர்ஷ்டத்தைப் பாருங்க, பின் சீட்டுல நான் நெளிய ஆரம்பிச்சா, கரெக்டா அந்த நேரத்துக்கு இவங்களுக்கும் வந்துடுது!”

லொரெட் டோனட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

டுவெய்ன் பேனாவை மூடினார். படிவத்தை மடித்துப் பைக்குள் போட்டார். கதவைத் திறந்து பஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்:

“கொஞ்சம் பொறுங்க எல்லாரும்! எனக்கும் அவசரம்!”