ஊதாத பாட்டு

பாரிவாக்கம் அடுக்குமாடி வீட்டு ஜன்னல் வெயிலில், நெஞ்சுத் தையல் தெரியாதபடி சட்டையை மேல் பித்தான்வரை போட்டுக்கொண்டு, டிரம்பெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார் முதஸ்ஸிர். எதிரே மனைவி வஹீதுன்னிசா போனில் வீடியோ எடுக்கிறாள். "ரசிகருங்க எல்லாருக்கும் வணக்கம். ஆபரேஷன் முடிஞ்சி நல்லா கீறேன். பொழுது போவறதுக்கு புதுசா ரெண்டு படம் வரைஞ்சிகினு கீறேன். அடுத்த மாசம் கச்சேரி..." இல்லையென்று அவள் தலையசைக்கிறாள். "ஆறு மாசம் ஊதக் கூடாதுன்னாரு டாக்டரு," என்று திருத்திக்கொள்கிறார். கழற்றி எடுத்த டிரம்பெட்டின் ஊதும் முனை பீரோ சாவியோடு சேர்ந்து அவள் இடுப்பில் இருக்கிறது. முனையில்லாத டிரம்பெட்டைத் தூக்கி, கண்ணை மூடி, மூன்று வால்வுப் பொத்தான்களையும் மாற்றி மாற்றி அழுத்துகிறார். டக் டக்கென்ற சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கும் அவள் சொல்கிறாள்: "சரணத்துல ஒரு வரிய உட்டுட்டீங்க." அவர் கண்ணைத் திறக்காமல் பல்லவியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்.