ஒரு மணி விரதம்

பகல் ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, கல்கத்தா லேக் மார்க்கெட் வீட்டின் உள்ளறைக் கதவை வெங்கடநாராயணன் முஷ்டியால் இடித்தார்.

இடித்த இடியில், எதிர்வீட்டு போஸ் பாபுவின் கிளி அதுவரை கற்ற வங்காளம் முழுவதையும் மறந்துவிட்டது.

உள்ளே அக்கா பெண் ஸ்னேகா. இருபத்தெட்டு வயது. சால்ட் லேக் கம்ப்யூட்டர் கம்பெனியில் கெட்டிக்காரி என்று பெயர். இருபத்துமூன்று நாளாகப் பேச்சில்லை. பல் தேய்க்க எழுந்தால் பாதி வழியில் நின்றுவிடுகிறாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

கரியாஹாட் டாக்டரம்மா ஆட்டிஸம் என்றாள். பிறவியிலேயே உள்ளதாம். எல்லோரையும் போலச் சிரித்துப் பேசி நடித்து நடித்தே பெண் தீர்ந்துபோய்விட்டாளாம். மாதக்கணக்கில் சும்மா விடச் சொன்னாள்.

கம்பெனி விடவில்லை. இன்று இரண்டு மணிக்குள் வராவிட்டால் வேலை போச்சு. கீழே டாக்ஸி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா மஹாதேவன் நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கோபம் டாக்டர் மேல் என்று நினைத்தார். பிறகு பெண் மேல் என்று நினைத்தார்.

வெங்கடநாராயணன் கதவைப் பார்த்துக் கத்தினார்: "உங்கப்பாவைப் பாருடி! முப்பத்துநாலு வருஷம் தினம் ஒரு மணிக்கு மௌன விரதம். ஒரு நாள் படுத்திருப்பாரா?"

ஊரறிந்த விரதம். அவர் வேலை பார்த்த டல்ஹௌசி ஆபீசே மீன்குழம்பும் அரட்டையுமாக உட்காரும் நேரத்தில், மஹாதேவன் ரெக்கார்டு ரூமுக்குள் போய் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். மதராஸிகளுக்கு அப்படி ஒரு சாமி உண்டென்று வங்காளிகள் நம்பினார்கள். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர் ஒரு மணிக்கு வாய் திறந்ததற்கு, ஹெட்கிளார்க் அவருக்கு மெமோ கொடுத்தார்.

ஒருமுறை உள்ளேயிருந்து புகை வந்தது. பியூன் நிமாய் வாளித் தண்ணீரோடு வெளியே நின்றான். மணி இரண்டு அடிக்கட்டும் என்று நின்றான்.

உள்ளே மஹாதேவனும் எழுந்திருக்கவில்லை.

ரிட்டயராகியும் விரதத்தை விடவில்லை.

வெங்கடநாராயணன் மறுபடி இடித்தார். உள்ளே சுவரில் தலை முட்டும் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒரே சீராக.

மஹாதேவன் எழுந்து மச்சினன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் அடித்தது.

"அத்திம்பேர், மணி ஒண்ணு! பேசப்படாது!"

"விரதமாவது வெங்காயமாவது! அந்த ஒரு மணி நேரம் இருட்டுல உக்காரலேன்னா, அஞ்சு வரைக்கும் மத்தவா மாதிரி நடிக்க முடியாதுடா எனக்கு. அவ ஆபீஸ்ல அவளுக்கு ஒரு இருட்டு ரூம் இருக்கா? சொல்லுடா!"

மச்சினனை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார். டாக்ஸி அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

மஹாதேவன் ஜன்னலைச் சாத்தினார். கதவுக்கு வெளியே தரையில் சாய்ந்து உட்கார்ந்தார். தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை.

டல்ஹௌசி ரெக்கார்டு ரூமின் வடக்குச் சுவரில், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது.