கண்ணாடிக்குள் ஒரு தள்ளுவண்டி

நகரத்தின் நடுவே இருந்த கடைத்தெருவை அழகாக்கப் போவதாகச் சொல்லி, முதல் வேலையாக அங்கிருந்த தள்ளுவண்டிகளை லாரியில் அள்ளிப் போட்டார்கள். "ஆக்கிரமிப்பு" என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். ஏகாம்பரம் கடலை வறுத்து விற்ற வண்டியும் அதில் போயிற்று.

வருஷங்கள் ஓடின. தெருவில் கருங்கல் பதித்தார்கள். வளைந்த விளக்குகளை நட்டார்கள். ஒரு காபியைச் சாப்பாட்டு விலைக்கு விற்கும் கடைகள் வந்தன. அப்படியொரு கடையின் கண்ணாடிக்குள், வார்னிஷ் பளபளக்க அதே வண்டி நின்றது.

கதவு திறந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த தெருப்பூனை அதை அடையாளம் கண்டுகொண்டது.

"அடேய், நீயா? உன்னைத்தானே அன்னிக்குத் தூக்கிட்டுப் போனாங்க?"

"மரியாதையா பேசு. நான் இப்போ பாரம்பரியம்," என்றது வண்டி. "அன்னிக்கு என்னை எட்டி உதைச்ச அதிகாரியே குடும்பத்தோட வந்து, என்கூட போட்டோ எடுத்துக்கிட்டுப் போறாரு."

"கடலை இருக்கா?"

"சீச்சீ! பிளாஸ்டிக் பூச்செடி வெச்சிருக்காங்க."

அப்போது வெளியே கடலைக் கூடையோடு ஏகாம்பரம் வந்து நின்றார். வண்டியின் கைப்பிடியில் தன் கை பட்டுத் தேய்ந்த பள்ளத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கண்ணாடியில் கை வைத்தார். உடனே காவலாளி விசிலடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"டேய், உன் ஏகாம்பரம்டா! துரத்துறாங்க, பாரு!" என்று பூனை பதறியது.

வண்டி அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"இந்த ஆக்கிரமிப்புங்க இருக்கிறவரைக்கும் ஊரு எங்கே உருப்படப் போகுது?" என்றது.