சட்டைக் காலரில் ஒரு முடி

சட்டைக் காலரில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான, செம்பட்டை நிற முடி.

அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

பையன் தங்கியிருக்கும் அறைக்கு வந்த இடத்தில், அவன் அழுக்குத் துணியைத் துவைத்துப் போடலாமே என்றுதான் கூடையைக் கவிழ்த்தாள். அடுத்த சட்டையை உதறினாள். கன்னங்கரேலென்று ஒரு சுருட்டை முடி. அதற்கடுத்ததில் பாதி நரைத்தது ஒன்று. எல்லாச் சட்டையிலும் கமகமவென்று ஒரு வாசனை வேறு.

ஒருத்தி என்றாலாவது கூப்பிட்டுப் பேசலாம். இது என்ன கணக்கு?

கல்லூரி விடுமுறைக்குப் பையன் வீட்டுக்கு வரவில்லை. "இங்கேயே இருந்து படிக்கறேம்மா" என்றான். அதோடு விட்டானா? "இனிமே பணம் அனுப்பாதே. என் செலவை நானே பாத்துக்கறேன்" என்றான். எப்படி என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

"பணம் கேக்கற பிள்ளையைப் பத்திக் கவலையில்லக்கா, வேண்டாங்கற பிள்ளையைத்தான் என்னன்னு பாக்கணும்" என்று ஓரகத்தி கொளுத்திப் போட்டாள். அது உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அப்பா இல்லாத பிள்ளை. தையல் மிஷினை மிதித்து மிதித்துப் படிக்க வைத்தாள். அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஈடுகட்ட, பள்ளிச் சீருடைகளை வேறு இழுத்துப் போட்டுக்கொண்டு தைத்தாள். கடைசியில் வலது தோள் மக்கர் பண்ணிவிட்டது. கை தோளுக்கு மேல் எழும்பாது. தலைக்குக் குளித்தால் அன்றைக்கு முழுக்க உயிர் போகும்.

"பேசாம முடியை ஒட்ட வெட்டிடப் போறேன்டா" என்று போனில் அழுதபோது இந்த மகராசன் என்ன சொன்னான்? "வெட்டாதேம்மா, கொஞ்ச நாள் பொறு."

பொறுத்தால் கை தானாக எழும்பிவிடுமாக்கும்!

டீ வாங்கப் போயிருந்த அறைத்தோழன் திரும்பி வந்தான். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். அவள் கையிலிருந்த சட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"எங்கேப்பா அவன்?"

"லைப்ரரிக்குப் போயிருக்கான், ஆன்ட்டி."

"லைப்ரரியிலதான் இவ்வளவு முடி கொட்டுதா?"

நெட்டையன் டீயை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழித்தான். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், ஆன்ட்டி."

"நீ சொல்லவே வேண்டாம். கூட்டிட்டுப் போய்க் காட்டு."

கடைத்தெருவின் கோடியில் ஒரு கறுப்புக் கண்ணாடிக் கதவு. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. நெட்டையன் தள்ளியே நின்றுவிட்டான். கடவுளே, பார்க்கக் கூடாததை எதையும் பார்த்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அம்மா கதவைத் தள்ளினாள்.

வரிசையாக நாற்காலிகள். எதிரே பெரிய பெரிய கண்ணாடிகள். அதே கமகம வாசனை. ஓரத்தில் ஒரு பெண்மணி சாய்ந்து படுத்து, தலையைப் பீங்கான் தொட்டியில் வைத்திருந்தாள். தோளில் துண்டோடு குனிந்து நின்று, அந்தத் தலைக்கு ஷாம்பூ போட்டு அலசிக்கொண்டிருந்தான் பையன்.

சலூன்!

நின்றுபோயிருந்த மூச்சு அம்மாவுக்குத் திரும்ப வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின.

"அம்மா! நீ எப்படி இங்க..." பையன் கையிலிருந்த குழாய் திரும்பி அவனையே நனைத்தது.

"தலை அலசற வேலையாடா? சொல்லியிருந்தா கடிச்சா தின்னிருப்பேன்?"

"தின்னிருக்க மாட்டே. 'வேலையை விட்டுட்டுப் படி, நான் அனுப்பறேன்'னு மறுபடி மிஷின்ல போய் உக்காந்திருப்பே." துண்டில் கையைத் துடைத்தான். விரல்கள் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தன. "லீவுல முழு நாள் வேலைம்மா. காலேஜ் திறந்ததும் சாயங்காலம் மட்டும். வாடகை, சாப்பாடு எல்லாம் இதுலயே ஓடிடும். இனிமே நீ யூனிஃபார்ம் தைக்க வேண்டாம்."

அப்பாடா என்றிருந்தது அம்மாவுக்கு. ஓரகத்தி நினைவுக்கு வந்தாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அவளைப் பார்ப்பதுதான்.

தலை அலசிக்கொண்ட பெண்மணி எழுந்து போனதும் கடைக்காரம்மா வந்தாள். "தம்பியோட அம்மாவா? வாங்க வாங்க. உங்களுக்கும் அலசி விடட்டும், உக்காருங்க."

"ஐயோ, வேண்டாம்மா, எனக்குத் தோளு..."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பையன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். ஒரு துண்டைச் சுருட்டி வலது தோளுக்கு அடியில் வைத்தான். இன்னொன்றை மடித்து முழங்கைக்கு அண்டக் கொடுத்தான். பிறகு நாற்காலியை மெல்லச் சாய்த்தான். வெதுவெதுப்பான தண்ணீர் தலையில் இறங்கியது. எங்கேயும் சுருக்கென்று ஒரு வலி இல்லை.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்கம்மா" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டே.

கடைக்காரம்மா சிரித்தாள். "நானாவா சொல்லிக் குடுத்தேன்? வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே வந்து கேட்டான், 'கையைத் தூக்க முடியாதவங்களுக்கு வலிக்காம எப்படி அலசி விடறது, முதல்ல அதைச் சொல்லிக் குடுங்க'ன்னு. எங்க கடைக்கு அப்படி யாருமே வர்றதில்லையே, எதுக்குக் கேக்கறான்னு யோசிச்சேன். யாருக்காகன்னு இன்னைக்குத்தானே தெரியுது!"