மணலில் உலர்ந்த மாலை

"செத்த பூவ வூட்டுக்குள்ள பூட்டி வச்சிக்கிட்டுக் குடும்பம் நடத்துறவள இப்பதான்டி பாக்குறேன்!"

கொளஞ்சியம்மாள் மருமகளின் பீரோவிலிருந்து கண்ணாடிப் பெட்டியை வெளியே இழுத்தாள். விடிந்தும் விடியாத போகி. குவார்ட்டர்ஸ் வாசலில் பழைய பாயும் முறமும் எரிந்துகொண்டிருந்தன.

"அத்த, அத வைங்க. அது என்னோடது." பிரிசில்லா குறுக்கே வந்து நின்றாள்.

"எம் புள்ள சம்பாத்தியத்துல வாங்குன பீரோடி இது. அதுல பொணத்துப் பூவ வைப்பியா?"

பிரிசில்லாவுக்குச் சுருக்கென்றது. அவள் அப்பா அந்தோணிசாமியைக் கல்லறையில் வைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பூவைத்தான் எடுத்து வந்து வைத்திருக்கிறாள் என்று குத்திக் காட்டுகிறாளா இந்தப் பொம்பளை?

கல்யாணமாகி இரண்டு வருஷம். வேதக்காரப் பெண் என்று மாமியார் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை, ஒருநாள்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இவளே', 'ஏய்', அவ்வளவுதான். புருஷன் எழிலன் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டாமல் கரும்பு வாங்கச் சிதம்பரம் போய்விட்டான். கெட்டிக்காரன்.

பெட்டிக்குள் இருந்தது மாமனார் சாமிக்கண்ணுவின் மணிவிழா மாலை. போன வருஷம் கீரப்பாளையத்தில், அறுபது முடிந்த மனிதர் மறுபடியும் தாலி கட்டி மனைவி கழுத்தில் போட்டது. போட்டோக்காரர் நகர்வதற்குள் கொளஞ்சியம்மாள் அதைக் கழற்றி, "கழுத்தெல்லாம் அரிக்குது, குப்பையில போடு" என்று மருமகள் மேல் வீசினாள். மூன்றே மாதத்தில் மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பிரிசில்லா அதைக் குப்பையில் போடவில்லை. பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் அவள். கொள்ளிடத்து மணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்து, ரோஜாவையும் சம்பங்கியையும் இதழ் மடங்காமல் அதில் புதைத்து, இருபது நாள் மொட்டைமாடி வெயிலில் வைத்துக் காத்தாள். நாளை பொங்கலன்று மாமியார் கையில் கொடுத்தால், ஒரு தடவையாவது 'பிரிசில்லா' என்று கூப்பிடமாட்டாளா என்று ஒரு நப்பாசை.

"யாரு மாலைன்னு கேட்டுட்டு அப்புறம் தூக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். பொணத்துப் பூ என்ற பேச்சு மறுபடியும் காதில் இரைந்தது. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

கொளுத்தட்டும். நன்றாகக் கொளுத்தட்டும். எரிந்து முடிந்த பிறகு சொல்லுவோம், ஆயுசுக்கும் உட்கார்ந்து அழட்டும்.

கொளஞ்சியம்மாளின் இடது மணிக்கட்டு கோணல். எப்போதோ கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வாள். அந்தக் கையில் பெட்டியை இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள், நெருப்பு வெளிச்சத்தில் மாலையின் ஜரிகைக் குஞ்சலத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு பெட்டியோடு தூக்கி எறிந்தாள்.

கண்ணாடி படபடவென்று வெடித்தது. காய்ந்த பூவுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இருபது நாள் வெயில் பொறுத்தது இரண்டு நிமிஷத்தில் சாம்பலாகிவிட்டது.

பிரிசில்லா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். உள்ளுக்குள் இனித்தது.

"அத்த, அது எங்கப்பா கல்லறைப் பூ இல்ல. மணிவிழா அன்னிக்கு மாமா உங்க கழுத்துல போட்ட மாலை. உங்களுக்குக் குடுக்கத்தான் பாத்துப் பாத்து வச்சிருந்தேன். அவரு உங்களுக்குக் கடைசியாப் போட்டத உங்க கையாலயே கொளுத்திட்டீங்க."

சொல்லிவிட்டு, கிழவி மார்பில் அடித்துக்கொண்டு கதறுவதற்காகக் காத்திருந்தாள்.

கொளஞ்சியம்மாள் கதறவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கோணல் மணிக்கட்டை நெருப்பில் காட்டிக் குளிர்காய்ந்தாள்.

"இந்தக் கைய ஒடிச்சவன் போட்ட மாலை, எனக்குத் தெரியாதாடி பிரிசில்லா?"