இரண்டு மூக்குகள்

நோயாளியை ஒருமுறைகூடத் தவறவிடாத மூக்கு ஒன்று. நோயற்றவரை ஒருமுறைகூட நோயாளி என்று சொல்லாத மூக்கு இன்னொன்று. நீங்கள் எதை நம்புவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

பட்டியில் தொற்றுநோய் வந்தபோது, சிட்டு என்ற ஆட்டுக்குட்டி இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டது. நோய் என்றால் வேலிக்கு வெளியே தனியாகப் படுக்க வேண்டும். இல்லையென்றால் அம்மாவோடும் நேற்றுப் பிறந்த தம்பியோடும் படுக்கலாம்.

கறுப்பு நாய் மோந்து பார்த்து, "உனக்கு நோய்தான், கண்ணு" என்றது.

செவலை நாயும் மோந்தது. "அவன் கிடக்கிறான். உனக்கு ஒன்றுமில்லை."

சிட்டு யோசித்தது. "கறுப்பு மாமா, நீங்கள் யாருக்காவது நோயில்லை என்று சொன்னதுண்டா?"

"இதுவரை இல்லை."

"செவலை மாமா, நீங்கள் யாருக்காவது நோய் என்று சொன்னதுண்டா?"

செவலை காதைச் சொறிந்தது. "இன்னும் இல்லை."

சிட்டு, பால் குடிக்கும் தம்பியைப் பார்த்தது. பிறகு வேலிக்கு வெளியே போய்ப் படுத்துக்கொண்டது.